மேக்கரை டப்பா

வாங்க அம்மணி, உள்ள வாங்க. கீழ் வீட்டுக்குக் குடிவந்தவங்கதானே? நேத்து லாரி வந்து நின்னப்பவே பால்கனியில நின்னு பார்த்தேன். பீரோவை இறக்கறதுக்குள்ள அந்த ஆளுங்க பட்ட பாடு, அடேயப்பா! உறைமோரா? அதுக்கென்ன, தாராளமா. போசியை இப்படிக் குடுங்க. பால் காய்ச்சி வெச்சுட்டு உறைக்கு ஊத்த மோர் இல்லைன்னா என் வீட்டுக்குத்தான் வரணும். இந்தக் குவார்ட்டர்ஸ்ல யாரைக் கேட்டாலும் பூங்கொடி அக்கா வீடுன்னு கையைக் காட்டுவாங்க. நின்னுக்கிட்டே வாங்கிட்டு ஓடினா நல்லாவா இருக்குது? உக்காருங்க. கல்லு காயுது, ஒரு தோசை சாப்பிட்டுட்டுப் போலாம்.

எங்க வீட்டுக்காரரு பேரு வாசல்ல பாத்திருப்பீங்களே. டாக்டர் எஸ். ஜி. வேலன். ஊசி போடற டாக்டர் இல்லீங்க. இருமல்னு போய் நின்னீங்கன்னா ஒரு மணி நேரம் கிருமியைப் பத்திப் பேசி அனுப்புவாரு, இருமல் அப்படியே இருக்கும். முழுப் பேரு செங்கோட்டுவேலப்பன். டில்லிக்காரங்க வாயில நுழையலைன்னு அவரே அறுத்துப் பாதியாக்கிக்கிட்டாரு. எங்க மாமியார் அதைக் கேட்டு அழுதாங்க. சாமி பேரை அறுத்தவன் உருப்படுவானான்னு. உருப்பட்டுட்டாரே! சீஃப் சயின்டிஸ்ட். சென்ட்ரல் கவர்மெண்ட் ஏஜென்சியில சீஃப் சயின்டிஸ்ட்டுன்னா சும்மாவா?

நீங்களும் படிச்சவங்களாமே? வாட்ச்மேன் சம்சாரம் சொன்னா. என்னது, பிஹெச்டியா? பாதியில விட்டுட்டீங்களா? அடடா. ஏன், கைடு சரியில்லையா... சரி சரி, கேக்கலை விடுங்க. விட்டதும் நல்லதுக்குத்தான். பொம்பளைங்க ரொம்பப் படிச்சா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே ஒரு கூத்து நடந்துச்சு. சொல்றேன், நீங்க சாப்பிடுங்க. சட்னி காரமா இருந்தா சொல்லுங்க.

இங்க டாப்-அப்னு ஒண்ணு இருக்குதுங்க. போனுக்குப் போடறது இல்லை. யுனிவர்சிட்டியில பிஹெச்டி பண்ற பிள்ளைங்களுக்கு அங்கயே ஒரு ஸ்காலர்ஷிப் வரும். அது வாயில போட்டாப் பல்லுலயே ஒட்டிக்கும், வயித்துக்குப் போகாது. அதுக்கு மேல எங்க ஏஜென்சி கொஞ்சம் கொடுக்கும். சப்ளிமெண்டரி ஸ்காலர்ஷிப்னு பேரு. சோத்து மேல நெய் ஊத்தற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். நெய் வேணும்னா பிள்ளைங்க இங்க வந்து எங்க லேப்ல வேலை செய்யணும், எங்க சயின்டிஸ்ட் ஒருத்தரு அவங்களுக்கு இன்னொரு கைடா இருக்கணும். வருஷா வருஷம் அவரு கையெழுத்துப் போட்டு, கமிட்டி சரின்னு சொன்னாத்தான் அடுத்த வருஷத்துக்கு நெய்.

ரெண்டு வருஷம் முந்தி இவருகிட்ட அப்படி வந்து சேர்ந்தா ஒருத்தி. தென்காசிப் பக்கம். பேரு பேச்சியம்மாள். கேளுங்க இதை, கோட்டு சூட்டுப் போட்ட ஆளுங்க வந்து போற லேபு, அங்க ஒரு பேச்சியம்மாள்! எனக்குக் கூப்பிட நாக்கு வரலை. பேபின்னு வெச்சுட்டேன். நல்லாருக்குதல்லவா? பேபி, இங்க வா. பேபி, அதை எடு. அவ முதல்ல திரும்பிப் பாக்கவே மாட்டா. அப்புறம் பழகிக்கிட்டா. பேரு வெச்சதுக்கு ஒரு தேங்க்ஸ் கூட வரலைங்க, அதைச் சொல்லணும்.

வீட்டுக்கு எதுக்கு வந்தாளா? என்ன அம்மணி இப்படிக் கேக்கறீங்க. தனியா ஹாஸ்டல்ல கிடக்குற பிள்ளை, நம்ம வீட்டுக்கு வந்து போனா ஒரு குடும்பப் பாசம் இருக்குமேன்னுதான். வேலைன்னு நான் ஒண்ணும் பெருசா வாங்கலை. என் சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பா. அவன் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு எரிமலை செஞ்சு கொடுத்தா, ஃபர்ஸ்ட் பிரைஸ். கேஸ் புக் பண்ணுவா. இவரோட பேச்சுக்கெல்லாம் படம் போட்டுத் தருவா. என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பந்தியில நின்னா. அவ்வளவுதானுங்க. ஏஜென்சி கொடுக்கறது மேல்படி காசு, நாம வாங்கறது மேல்படி வேலை. இதுல என்ன தப்பு?

நான் அவளை என் சொந்த மக மாதிரி வெச்சிருந்தேன். அம்மான்னே கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மாட்டேன்னுட்டா. மேடம், மேடம், மேடம். ஏதோ ரேஷன் ஆபீஸ்ல நிக்கிற மாதிரி.

அவ என்ன ஆராய்ச்சி பண்ணினான்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. மாவு! சத்தியமா அம்மணி, தோசை மாவு. ஊர் ஊராப் போய் ஒவ்வொரு வீட்டு மாவுலயும் ஒரு கரண்டி வாங்கிட்டு வந்திருக்கா. அதைப் புது மாவுல கலந்து, அதுல ஒரு கரண்டி எடுத்து அடுத்த மாவுல கலந்து, அந்த வீட்டுப் புளிப்பு சாகாம வளத்துக்கிட்டே வருவாளாம். நாம உறைமோர் வாங்கி வாங்கித் தயிரைத் தொடர்ந்துக்கிட்டு இருக்கோமே, அதேதான். எனக்கும் சொல்லிக் கொடுத்தா. உப்புப் போடக் கூடாதாம், உப்பு சாப்பிடறப்பத்தான் போடணுமாம். எதுக்குடி இதெல்லாம்னு கேட்டேன். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுல மாவு ஒரே நாள்ல புளிச்சுப் போகுது மேடம், சில ஊர் மாவு மட்டும் வெளியவே வெச்சாலும் ஒரு வாரம் நிக்குது, அது ஏன்னு பாக்கறேன்னா.

அதுல மேக்கரைன்னு ஒரு மலையடிவார ஊரு, அந்த மாவுதான் உசத்தியாம். அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா அந்தப் பிள்ளை முகமே மாறிடும். பெத்த குழந்தையைப் பத்திப் பேசற மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இதுல பாருங்க, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காக ஆராய்ச்சி. அதுக்கு வேண்டியது என்னன்னா ஃபிரிட்ஜ். அதுவும் யாரோட ஃபிரிட்ஜ்? என்னோடது!

அது எப்படின்னா, போன மாசம் லேபுக்கு ஸ்தாபன நாள் வந்துச்சு. டில்லியிலிருந்து பெரிய பெரிய ஆளெல்லாம் வர்றாங்க, எல்லாம் பளபளன்னு இருக்கணும்னு டைரக்டர் ஆர்டர். குளிர் ரூமைத் திறந்தா புளிச்ச வாடை அடிக்குது, அதைக் காலி பண்ணுன்னு இவரு சொல்லிட்டாரு. அவ எங்க கொண்டு போவா? உறைய வைக்கிற பெரிய பெட்டி ஒண்ணு இருக்குதாம், அதுல ஒரு செட்டுப் போட்டு வெச்சா வருஷக்கணக்குல கெடாதாம். அது ரிப்பேரு. ரிப்பேர் ஃபைலு இவரு மேஜை மேலதான் இருந்துச்சு. ஸ்தாபன நாள் வேலையில மனுஷனுக்கு நிமிர்ந்து பாக்க நேரமில்லை. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ்ல கொண்டு வந்து வை, எனக்கென்ன வந்துச்சுன்னு பெருந்தன்மையாச் சொன்னாரு. ஆட்டோ பிடிச்சு டப்பா டப்பாவாக் கொண்டு வந்து அடுக்கினா. ஒவ்வொண்ணுலயும் ஊர் பேரு எழுதி ஒட்டியிருக்குது. ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர், மேக்கரை, என்னென்னமோ. என் கத்திரிக்காயும் கீரையும் வெளிய வந்து வாடுது. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லலை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இன்னொரு தோசை போடறேன், தட்டைக் காட்டுங்க. பாருங்க, எப்படி முறுகி வருதுன்னு. இந்த பிளாக்ல இந்த மாதிரி தோசை எங்கயும் கிடைக்காது.

ஸ்தாபன நாள் முடிஞ்ச மறுநாள் டாப்-அப் கமிட்டி. யாருக்கு நெய் தொடரணும், யாருக்கு நிறுத்தணும்னு முடிவு பண்றவங்க. சேர்மன் டில்லிக்காரரு, ஒருத்தரு ஹைதராபாத், இன்னொருத்தரு நம்ம ஊர் யுனிவர்சிட்டி புரொபசர். முந்தின நாளே வந்து கெஸ்ட் ஹவுஸ்ல இறங்கிட்டாங்க. கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரன் ஊருக்குப் போயிட்டான். சாயங்காலம் பொழுதோட இவரு மூணு பேரையும் கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்து நிக்கறாரு. போன் இல்லை, தகவல் இல்லை. விருந்துக்கு ஒறம்பரை வந்த மாதிரி சிரிச்சுக்கிட்டே உள்ள வர்றாங்க. பூங்கொடி, சாருக்கு நம்ம ஊர் தோசை வேணுமாம்னு ஹால்ல இருந்தே ஒரு சத்தம்.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. அன்னிக்குப் பகல் பூராக் கரண்ட் இல்லை. மாவு ஆட்டவே இல்லை. தேங்காயும் இல்லை. பேபி அப்பத்தான் அடுத்த நாள் காட்டறதுக்கு மாவைப் பாக்கலாம்னு வந்தவ. ஓடுடி, ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வான்னு அனுப்பி வெச்சேன். அவ போனதும் ஃபிரிட்ஜைத் திறக்கறேன். நிறைய மாவு! ஆண்டவனாப் பார்த்து வெச்ச மாதிரி.

நான் கேக்காமப் பண்ணலீங்க. அதை எல்லாரும் மறந்துடறாங்க. கதவு சந்துல நின்னு இவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏனுங், அந்தப் புள்ளையோட மாவு இருக்குதே, ஊத்தட்டுமான்னு. சேர்மன் ஏதோ சொல்லிக்கிட்டிருந்தாரு, இவரு அந்தப் பக்கமே தலையாட்டிக்கிட்டு, மாவுதானே, ஊத்து ஊத்துன்னு கையைக் காட்டினாரு. கெமிக்கல் கிமிக்கல் இருக்குமோன்னு நானும் விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன். நல்ல மாவுதான்.

முதல்ல கைக்குச் சிக்கினது மேக்கரை. ஊத்தினேன். அம்மணி, என்னத்தச் சொல்வேன்! கல்லுல விழுந்த உடனே வலை வலையாக் கண்ணு விடுது. வாசம் ஹாலுக்குப் போய், சேர்மன் எந்திரிச்சு சமையல்கட்டுக்கே வந்துட்டாரு. அப்பவே எனக்கு ஒரு யோசனை. இந்த மாவைத் தீர்த்துடக் கூடாதுன்னு அடியில இருந்ததை மூடிப் பின்னால தள்ளிட்டேன். மத்ததை எல்லாம் ஊத்தினேன். ஆலங்குளம் போச்சு, கடையம் போச்சு. ஹைதராபாத்காரரு தின்ன தீனியைப் பாக்கணுமே, முந்தின ஜென்மத்துப் பசி.

காலியான டப்பாவை எல்லாம் அப்படியே போட்டு வெக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஊற வெச்சு, ஒட்டியிருந்த காகிதத்தை எல்லாம் சுத்தமா உரிச்சு, நல்லாத் தேய்ச்சுக் கழுவிக் கவுத்துட்டேன். அப்பத்தான் பேபி தேங்காயோட உள்ள வர்றா.

அவ மூஞ்சியைப் பாக்கணுமே. கவுத்தி வெச்ச டப்பாவைப் பாக்கறா, கல்லைப் பாக்கறா, ஹால்ல இலையைப் பாக்கறா. மேடம், இது எந்த மாவுன்னா. உன் மாவுதான்டி, எல்லாரும் பாராட்டறாங்க, போய்ப் பாருன்னேன். கையில இருந்த தேங்காய் கீழ விழுந்து உருண்டு அடுப்பு மேடைக்கு அடியில போச்சு. ஒரு ஓரமா உக்காந்துட்டா. எனக்குக் கொஞ்சம் பொக்குன்னுதான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். மாவுதானே கண்ணு, நாளைக்குக் காலையில நானே அரிசி ஊறப் போட்டு உனக்கு வேணுங்கிற அளவு ஆட்டித் தர்றேன்னு சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தா பாருங்க, அந்தப் பார்வை! நான் ஏதோ கொலை பண்ணிட்ட மாதிரி.

அதுக்கப்புறமும் எந்திரிச்சு, யாருக்கு எந்த ஊரை ஊத்தினேன்னு என்கிட்டக் கேட்டுக்கிட்டே, இலையில மிச்சமிருந்த தோசைக்குச் சட்னி அரைச்சுக் கொடுத்தா. அதைச் சொல்லணும்.

மறுநாள் நடந்தது இவரு வந்து சொன்னதுதான். கமிட்டியில இவளை நிக்க வெச்சிருக்காங்க. சேர்மன் கேட்டிருக்காரு, படமெல்லாம் நல்லாருக்குது, எங்கேம்மா உன் மாவு மாதிரிகள், அதை வெச்சுத்தானே அடுத்த வருஷ வேலை, எங்க வெச்சிருக்கேன்னு. எங்க வீட்டுக்காரரு நல்லது பண்ணத்தான் பார்த்தாரு. மாணவி சரியாப் பராமரிக்கலை, கெட்டுப் போச்சுங்க சார், மன்னிச்சு விட்டுருங்கன்னு அவளுக்காகப் பரிஞ்சு பேசியிருக்காரு. சரிங்க சார்னு வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா விஷயம் முடிஞ்சுது. நின்னாளா?

கெடலை சார், நேத்து சாயங்காலம் நீங்கதான் சாப்பிட்டீங்கன்னு சொல்லிப்போட்டா.

ஆமாங்க! சபையில! இங்கிலீஷ்ல! அதோட விட்டாளா? ஆலங்குளம் ரெண்டு சாப்பிட்டீங்க சார், கடையம் ஒண்ணு, அந்த சார் மொத்த கீழப்பாவூரையும் சாப்பிட்டாரு, சட்னி நல்லாருக்குதுன்னு சொன்னீங்க, அது மட்டும்தான் சார் என் ஆராய்ச்சியில சேராதுன்னு. நம்ம ஊர் புரொபசர் சிரிப்பை அடக்க முடியாம எந்திரிச்சு வெளியவே போயிட்டாராம். சிரிக்காதீங்க அம்மணி, புரையேறிடும். அன்னிக்கு இவரு வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழட்டாம உக்காந்திருந்தாரு. சாப்பாடு போட்ட வீட்டை இப்படிச் சந்தி சிரிக்க வெப்பாங்களா?

கமிட்டி எழுதிட்டாங்க. மாதிரிகளைப் பாதுகாக்கத் தவறியது, கமிட்டியை அவமதித்தது, ஆகவே சப்ளிமெண்டரி ஸ்காலர்ஷிப் நிறுத்தப்படுகிறது. அந்தப் புரொபசர் மட்டும் திரும்பி வந்து கொஞ்சம் வாதாடியிருக்காரு. ஒரே ஒரு மாதிரியாவது உசிரோட கொண்டு வந்து காட்டினா மறுபடி பார்க்கலாம்னு கடைசியில ஒத்துக்கிட்டாங்களாம். அந்தக் கூட்டம் நாளைக்குத்தான் நடக்குது. நாளைக்குக் காட்டலைன்னா டாப்-அப் போச்சு. டாப்-அப் போனா இந்த ஊர்ல ஹாஸ்டல்ல இருக்க முடியாது, எங்க லேப் மிஷினைத் தொட முடியாது, மிஷின் இல்லாம அவளுக்கு தீசிஸ் இல்லை. ஊருக்குப் போய் ஏதாச்சும் டியூஷன் எடுக்க வேண்டியதுதான். நான் என்ன பண்ண முடியும், அவளாத் தேடிக்கிட்டது.

ஊருக்கு ஓடினாளாம், மறுபடி மாவு வாங்க. மத்த ஊர்ல ஏதோ கொஞ்சம் கிடைச்சிருக்குது, அதையெல்லாம் முதல்லேர்ந்து வளத்துச் சோதிக்கணுமாம், அதுக்கே வருஷம் ஆகும். மேக்கரையில அந்த வீட்டுக்காரம்மா ஃபிரிட்ஜ் வாங்கிட்டாங்க. இப்பக் கடை மாவுப் பாக்கெட்டாம். அக்கம்பக்கத்துலயும் எல்லாரும் அப்படியே. இதைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஊரே ஃபிரிட்ஜ் வாங்கிருச்சு, இவ யாருக்குக் கண்டுபிடிக்கறா?

முந்தாநாள் இங்க வந்தா. இதோ, நீங்க நின்ன இடத்துலதான் நின்னா. வெயில்ல கறுத்து, துரும்பா இளைச்சு. வான்னு சொல்லலை நான். அவளே ஆரம்பிச்சா. அன்னிக்குக் கவுத்தி வெச்ச டப்பாவுல ஒண்ணு குறைஞ்சுது, மூடி லூசான அந்த மேக்கரை டப்பாவைக் காணோம், உங்க ஃபிரிட்ஜ்ல இருக்குதான்னு ஒரே ஒரு தடவை பாருங்கன்னு. அந்த நிலைமையிலயும் டப்பாவை எண்ணியிருக்கா பாருங்க! நம்ம மேல எவ்வளவு சந்தேகம்.

இருக்குதான்னா... இருக்குதுங்க. நீங்க இப்பச் சாப்பிடறது என்னன்னு நினைச்சீங்க? மேக்கரைதான். அன்னிக்கு மிச்சம் வெச்சதை அவ சொன்ன மாதிரியே உப்புப் போடாம, நம்ம வீட்டு மாவோட கலக்காம, கரண்டி கரண்டியாத் தொடர்ந்துக்கிட்டு வர்றேன். அந்த டப்பாவுல மட்டும் காகிதத்தைக் கூட உரிக்கலை. பொங்கிப் பொங்கி மூடியைத் தள்ளிடும், அது ஒண்ணுதான் தொந்தரவு. வெளியவே வெச்சுப் பார்த்தேன், அஞ்சாறு நாள் அப்படியே நிக்குது. அவ சொன்னது நெசந்தான்.

ஏனுங், தட்டைத் தள்ளி வெச்சுட்டீங்க? சட்னி வேணுமா?

கொடுத்திருக்கலாம்னு சொல்றீங்களா? கொடுக்க எனக்கு மனசில்லாம இல்லை அம்மணி. அப்ப அவ என்ன சொன்னா தெரியுமா? ஒரு கரண்டி போதும் அம்மான்னா. அம்மா! ரெண்டு வருஷமா மேடம் மேடம்னு நின்னவ. காரியம் ஆகணும்னதும் அம்மா வந்துருச்சு. ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பக் கூடத் திரும்பினேன். உடனே கோவமும் வந்துச்சு. எம் புருஷனை சபையில தலை குனிய வெச்சுட்டு என்ன அம்மா? விளக்கு வெச்சாச்சு, இனி மாவு, தயிரு, உப்பு எதுவும் வெளிய குடுக்கறதில்லை, அதெல்லாம் தீர்ந்து போச்சு போன்னுட்டேன். கதவைச் சாத்திட்டேன். கொஞ்ச நேரம் வெளிய நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. செருப்புச் சத்தம் கேக்கவே இல்லை.

இவருகிட்டச் சொன்னேன். நல்லதாப் போச்சு, மூச்சு விடாதேன்னாரு. ஒரு சின்னக் குப்பியில அதுல கொஞ்சம் எடுத்துக்கிட்டு லேபுக்குப் போனாரு. நாளைக்கு அந்தப் பிள்ளை கணக்கு முடியட்டும், அதுக்கப்புறம் நாமளே ஒரு ப்ராஜெக்ட் எழுதலாம், இந்த மாவு நம்ம வீட்டு மாவுன்னே போடலாம், தப்பில்லை, நீதானே வளத்தேன்னாரு. பேப்பர் வர்றப்ப நன்றியில உன் பேரைப் போடறேன்னு சொல்லியிருக்காரு. பூங்கொடி வேலன்னு! இங்கிலீஷ் பத்திரிகையில!

போடுவாரு, ஏன் போடாம? போன தடவை அவரோட தீசிஸுக்கும் போடறேன்னுதான் சொன்னாரு. அப்ப நாங்க புதுசாக் கல்யாணமானவங்க. ராவும் பகலுமா உக்காந்து நான்தான் டைப் அடிச்சேன். நான் அப்ப பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம், அதை நிறுத்திட்டுத்தான் அடிச்சேன். புஸ்தகம் பைண்டிங் ஆகி வந்ததும் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாத்தேன். என் குடும்பத்தாருக்குன்னு போட்டிருந்துச்சு. குடும்பத்தார்னா அதுல நானும் உண்டுதானே? உண்டுதான். அப்ப என்னமோ ரெண்டு நாள் பேசாம இருந்தேன், சின்ன வயசு, புத்தி இல்லை.

ஏன் கண்ணு இப்படிப் பாக்கறீங்க? அந்தப் பிள்ளை மாதிரியே பாக்கறீங்களே.

மாவா? உங்களுக்கா? அப்படிக் கேளுங்க! தோசை பிடிச்சுப் போச்சுன்னு வாய் விட்டுச் சொல்றதுக்கு என்ன வெக்கம். விளக்கு வெக்க இன்னும் நேரம் கிடக்குது, தாராளமாத் தர்றேன். போசி உறைமோருக்கு ஆயிருச்சே, வேற ஏனத்துல... டப்பாவோடயா? டப்பாவோட கொடுத்துட்டா எனக்கு? சரி, எனக்கு ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சுக்கறேன், நீங்க டப்பாவையே எடுத்துக்குங்க. புதுசாக் குடி வந்தவங்களுக்கு அரைகுறையாக் கொடுக்கக் கூடாது. இருங்க, அந்தக் காகிதத்தை உரிச்சுத் தர்றேன், மேக்கரைன்னு யாராச்சும் பார்த்தா... வேணாமா? அப்படியே இருக்கட்டுமா? சரி, உங்க இஷ்டம்.

ஹாஸ்டலா? எந்த ஹாஸ்டலு? ஓ, பிள்ளைங்க ஹாஸ்டலா. பின் கேட்டைத் தாண்டி, தண்ணி டேங்குக்கு அக்கட்டால மஞ்சள் கட்டடம். எதுக்குக் கேக்கறீங்க, அங்க உங்களுக்கு யாரு இருக்கா? ... என்ன, உக்காருங்க அம்மணி, கல்லுல உங்களுக்குத்தான் ஊத்தியிருக்கேன். உறைமோரை வெச்சுட்டுப் போறீங்களே! உறைமோர் கேட்டுத்தானே வந்தீங்க?

ஏனுங் அம்மணி! உங்க வீடு அந்தப் பக்கம். படி இறங்கி இடது கைப் பக்கம் திரும்பணும். நீங்க டேங்கு பக்கம் போறீங்க.

அம்மணி!

அய்யோ, கேக்காம ஓடறாங்களே. இவரு வந்தா நான் என்ன சொல்லுவேன்? கல்லுல தோசை கருகுது, இதை விட்டுட்டு நான் எப்படிப் பின்னாடி வர்றது. ஏனுங், நில்லுங்க! பேச்சியம்மாள் ரூமு மாடியில, கடைசி ரூமு! ஓடாதீங்க கண்ணு, மூடி லூசு, அமுத்திப் பிடிச்சுக்குங்க!